ரஷ்ய மொழி படிக்கிறவர்கள் எந்தப் பழைய படத்தில் தொடங்குவது?

ஈரோட்டுக்காரி:

வணக்கம் மக்களே. ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துகள் பழகிவிட்டன. ஆறு வேற்றுமைகளில் நான்கு ஓரளவு கைவந்துவிட்டன. ஐ, ஆல், கு என்று பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு வேற்றுமை என்றால் பயமில்லை. காதுதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. பாடநூலோடு வந்த ஒலிப்பதிவு முழுக்கப் புரிகிறது, நிஜ மனிதர்கள் பேசினால் ஒரே இரைச்சல்.

சரி, படம் பார்த்துப் பழகலாம் என்று தேடினால் எந்தப் பட்டியலிலும் முதல் பெயர் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி. 'ஸ்டால்கர்' (1979) போட்டேன். நெடுநேரம் யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தார்கள், மூடவில்லை. ஓர் எழுத்தாளர், ஒரு பேராசிரியர், ஒரு வழிகாட்டி. மனிதனின் உள்மன ஆசை எது என்று மூவரும் வாதாடுகிறார்கள். கடையில் ரொட்டி கேட்கவே திணறுகிற நான் இதில் எதைப் பிடித்துக்கொள்வது? படம் மனதில் நின்றது, அதை மறுக்கவில்லை. ஆனால் மொழிக்கு உதவவில்லை.

எந்தப் படத்தில் தொடங்கலாம்? ரஷ்ய சப்டைட்டிலா, ஆங்கிலமா? எங்கே பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிலிம்சுருள்:

தார்க்கோவ்ஸ்கியை அவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்டாதீர்கள். 'ஸ்டால்கருக்கு'ப் பதிலாக 'கண்ணாடி' (1975) போட்டிருக்க வேண்டும். ரஷ்யப் பெயர் 'செர்கலோ'.

அதன் முதல் காட்சியே உங்களுக்காக எடுத்த மாதிரி இருக்கும். ஒரு பையன் தொலைக்காட்சியைப் போடுகிறான். திரையில் ஒரு பெண் சிகிச்சையாளர், திக்கிப் பேசும் ஓர் இளைஞனை நிற்க வைத்திருக்கிறார். பெயர் கேட்கிறார், ஊர் கேட்கிறார். அவன் ஒவ்வோர் எழுத்திலும் முட்டி நிற்கிறான். அவன் இறுக்கம் முழுவதையும் கைகளுக்குக் கொண்டுவரச் செய்து, பிறகு கைகளை விடுவிக்கிறார். இனி நீ உரக்கத் தெளிவாகப் பேசுவாய் என்கிறார். அவன் சொல்கிறான்: "யா மகூ கவரீத்", என்னால் பேச முடியும். அதன் பிறகுதான் படத்தின் பெயரே வருகிறது.

அப்புறம் படம் நெடுக இயக்குநரின் தந்தை அர்சேனி தார்க்கோவ்ஸ்கி தன் கவிதைகளைத் தன் குரலிலேயே வாசிக்கிறார். நிதானமான, அலங்காரமில்லாத வாசிப்பு. ஒரு கவிதையை வெட்டி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேளுங்கள். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று காதுக்குத் தானாகவே பழகும்.

வோல்கா_டாக்டர்:

பிலிம்சுருள் அண்ணா, உங்கள் ரசனைக்கு வணக்கம். ஆனால் ரொட்டி கேட்கத் தெரியாத பெண்ணுக்குக் கவிதையைக் கொடுக்கிறீர்களே!

நான் மருத்துவம் படித்தது ரஷ்யாவில், வோல்கா கரையில் ஒரு நகரம். எங்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை, தார்க்கோவ்ஸ்கி பெயரை மூன்றாம் ஆண்டு வரைக்கும் எடுக்கவே இல்லை. அவர் போட்டுக் காட்டியதெல்லாம் எல்தார் ரியாசானவ், கியோர்கி தனேலியா என்ற இரண்டு இயக்குநர்களின் படங்கள்தான். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து சோவியத் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவான பேச்சை அப்படியே வைக்க மாட்டார்கள். நடிகர்கள் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து உதட்டசைவுக்குப் பேசுவார்கள். அவர்களில் பாதிப் பேர் நாடக மேடையில் வளர்ந்தவர்கள். அதனால் கடைசி மெய்யெழுத்து வரைக்கும் காதில் விழும். இன்றைய ரஷ்யத் தொடர்களில் இந்தத் தெளிவு கிடைக்காது.

முதல் படம் 'விதியின் விளையாட்டு' (ரஷ்யத்தில் 'இரோனியா சுத்பீ'). 1976 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் வந்தது. இன்றுவரை புத்தாண்டு என்றால் இந்தப் படம் ஓடாத வீடு குறைவு. கதை இதுதான்: டிசம்பர் 31, மாஸ்கோவில் நண்பர்கள் குளியலகத்துக்குப் போய் மூக்குமுட்டக் குடிக்கிறார்கள். லெனின்கிராதுக்கு விமானம் ஏற வேண்டியவன் ஒருவன், ஏற்றிவிடப்படுகிறவன் வேறொருவன். ஏற்றப்பட்டவன் ஷேன்யா, தொழில் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அரைமயக்கத்தில் இறங்கி டாக்சிக்காரரிடம் தன் விலாசத்தைச் சொல்கிறான்: மூன்றாவது கட்டடத் தொழிலாளர் தெரு, 25ஆம் எண், 12ஆம் குடியிருப்பு. லெனின்கிராதிலும் அதே பெயரில் தெரு, அதே எண், அதே அச்சில் வார்த்த கட்டடம், சாவியும் பொருந்துகிறது. உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறான். வீட்டுக்காரி நாத்யா வந்து பார்த்தால் கட்டிலில் அந்நிய ஆள். அந்த நாத்யா யார் தெரியுமா? பள்ளியில் ரஷ்ய மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியை.

மூன்று மணிநேரப் படம், பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள். யார் நீங்கள், எப்படி வந்தீர்கள், வெளியே போங்கள், இது என் வீடு, இது என் கட்டில். பாடநூலின் முதல் பத்து அத்தியாயங்களும் சண்டையாக வருகின்றன.

இன்னொன்று. அந்தப் படத்தின் வசனங்கள் நாட்டில் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. எங்கள் விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல் பாட்டிக்குக் கேன்டீன் கட்லெட் ஒத்துக்கொள்ளாது. முள்கரண்டியால் ஒரு குத்துக் குத்திவிட்டு, "என்ன கண்றாவி இது, ஜெல்லியில் உறையவைத்த உங்களுடைய இந்த மீன்!" என்பார். கட்லெட்டைப் பார்த்து எதற்கு மீன் என்கிறார் என்று நாங்கள் விழித்தோம். படத்தில் நாத்யாவைக் கட்டிக்கொள்ள இருக்கும் இப்பலீத், புத்தாண்டு விருந்து மேசையில் சொல்லும் வசனம் அது. "காகாயா காதஸ்த்" என்று பாட்டி இழுக்கும் இழுப்புகூட யூரி யாகவ்லெவ் இழுத்ததுதான்.

ஈரோட்டுக்காரி:

@வோல்கா_டாக்டர் அண்ணா, முதல் பாதி பார்த்துவிட்டேன். ஆச்சரியம், நிஜமாகவே சொற்கள் தனித்தனியாகக் கேட்கின்றன! நாத்யா கத்தும் இடமெல்லாம் பிடிபட்டது. குளியலகத்துக் குடிகாரர்கள் பேசியதில் கால்வாசிதான் தேறியது.

ஒரு சந்தேகம். நாத்யா பேசும் குரலும் பாடும் குரலும் ஒட்டவே இல்லையே. பாட்டு வேறொருவரா?

வோல்கா_டாக்டர்:

பேச்சே வேறொருவர். நாத்யாவாக நடித்த பார்பரா ப்ரில்ஸ்கா போலந்து நடிகை. பேச்சுக்குக் குரல் கொடுத்தவர் வலந்தீனா தலீஜினா, பாட்டுக்கு அல்லா புகச்சோவா. ஆக, ஒரு நாத்யாவுக்கு மூன்று பெண்கள். தலீஜினா அதே படத்தில் நாத்யாவின் தோழியாகத் திரையிலும் வருவார். தோழிகள் வீட்டுக்கு வரும் காட்சியில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பாடல்களையும் விடாதீர்கள். 'உங்கள் நோய் நானில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற பொருளில் தொடங்கும் பாட்டு மரீனா த்ஸ்வெதாயெவாவின் கவிதை. பஸ்தெர்னாக், அஹ்மதூலினா வரிகளும் உண்டு. இசை மிக்காயேல் தரிவெர்தீயெவ்.

மூர்மார்க்கெட்:

நல்ல இழை. கிழவன் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு ரஷ்யா வந்தது புத்தகம் வழியாக. மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, பளபளப்புத் தாள், சட்டைப்பையில் இருக்கும் சில்லறைக்குக் கிடைக்கும் விலை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போட்டால் பை நிறைய அள்ளிக்கொண்டு வருவோம். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் 'வெண்ணிற இரவுகள்' படித்துவிட்டு நேவா நதிக்கரையில் நடப்பதாகக் கனவு கண்டவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள். அந்தப் பித்தில்தான் ஆழ்வார்பேட்டை ரஷ்யப் பண்பாட்டு மையத்து மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே படமும் போடுவார்கள்.

என் யோசனை இது. தமிழில் முன்பே படித்த கதையின் படத்தைப் பாருங்கள். கதை தெரிந்திருந்தால் காது பதறாது. 'நாய்க்காரச் சீமாட்டி' படித்திருப்பீர்கள். செகாவின் அந்தக் கதையை இயோசிஃப் ஹெய்ஃபித்ஸ் 1960இல் லென்ஃபில்ம் ஸ்டுடியோவுக்காக எடுத்தார். யால்தா கடற்கரையில் நாயோடு நடக்கும் அன்னாவாக இயா சாவினா, குரோவாக அலெக்ஸேய் பதாலவ். செகாவின் வசனங்கள் பெரும்பாலும் அப்படியே வருவதால், ரஷ்ய மூலத்தை மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

அங்கிருந்து பதாலவின் குரலைப் பிடித்துக்கொண்டு போங்கள். 'கொக்குகள் பறக்கின்றன' (1957) படத்தில் போருக்குப் போகும் போரிஸ் அவர்தான். 'மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை' படத்தில் மின்ரயிலில் அறிமுகமாகும் கோஷாவும் அவர்தான். 1981இல் ஆஸ்கர் வாங்கிய படம் அது. 'பனிமூட்டத்தில் முள்ளெலி' (1975) என்று பத்து நிமிடக் கார்ட்டூன், யூரி நர்ஷ்டெய்ன் செய்தது. அதில் கதை சொல்லும் குரலும் அவருடையதே. இருபத்து மூன்று வருடம் ஒரே மனிதர் பேசுவதைக் கேட்கலாம். குரல் பழகிவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. கல்யாண மண்டபத்துச் சத்தத்திலும் நம் வீட்டு மனுஷர் கூப்பிட்டால் தெரிகிறதல்லவா, அப்படித்தான்.

அப்புறம் 'அதிகாலையின் அமைதியில்'. பரீஸ் வசீலியெவின் கதை. 1972இல் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி படமாக எடுத்தார். 1942, கரேலியக் காடு, ஒரு சார்ஜன்ட், ஐந்து பெண்கள். எஸ்.பி. ஜனநாதனின் 'பேராண்மை' பார்த்தவர்களுக்கு மூலம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. ரஸ்தோத்ஸ்கி போரில் காலை இழந்தவர். தன்னைக் களத்திலிருந்து தூக்கி வந்து காப்பாற்றிய நர்ஸுக்காகவே இந்தப் படத்தை எடுத்ததாகச் சொல்வார்கள். போர் கறுப்பு வெள்ளையில் ஓடும், பெண்களின் பழைய நினைவுகள் வண்ணத்தில் வரும். சார்ஜன்ட் வாஸ்கவின் பேச்சு வெட்டி வெட்டி, கிராமத்து வாடையோடு இருக்கும். கதை தெரியாமல் போனால் அவர் பேச்சு பிடிபடாது.

பிலிம்சுருள்:

'கொக்குகள்' பற்றி இரண்டு வரியில் போய்விட்டீர்களே ஐயா! 1958இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். செர்கேய் உருசெவ்ஸ்கியின் கேமராவைப் பற்றி மட்டும் தனி இழை போடலாம். போரிஸ் குண்டடி பட்டு விழும்போது தலைக்கு மேலே பிர்ச் மரங்கள் சுழல ஆரம்பிக்கும். நடக்காமலே போகும் கல்யாணம் அந்தச் சுழற்சிக்குள் வந்து போகும். அவர் மாடிப்படிகளில் சுற்றிச் சுற்றி ஓடி ஏறுவதை முன்பே பார்த்திருப்போம், அதே ஓட்டம் சாகும் கணத்தில் திரும்ப வருகிறது.

மொழிக்கு வேண்டுமென்றால், தொடக்கத்தில் வெரோனிகா சொல்லும் கொக்குப் பாட்டை மனப்பாடம் செய்யுங்கள். "ஷுராவ்லிகி கராப்லிகி" என்று குழந்தைப் பாட்டு மாதிரி போகும்.

எனக்கு ஒரு வருத்தம். இங்கே எல்லோரும் படத்தைப் பாடநூல் ஆக்குகிறீர்கள். எந்த வினைச்சொல் எந்தக் காட்சியில் என்று குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தால், மரங்கள் சுழல்வதை யார் பார்ப்பது?

வோல்கா_டாக்டர்:

முதல் தடவை மரத்தைப் பாருங்கள், இரண்டாம் தடவை வினைச்சொல்லைப் பாருங்கள் அண்ணா. கேட்டது மொழி படிக்கிற பெண். அவருக்குச் சோறு போட்டுவிட்டு அப்புறம் சங்கீதம் பேசலாம்.

பனையோலை:

எண்பதுகளில் மாஸ்கோவில், லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தவன் நான். ஊர் யாழ்ப்பாணம். அங்கே முதல் வருடம் முழுக்க மொழி வகுப்புதான், அதற்குப் பிறகுதான் துறைப் பாடம். ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, வியட்நாம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து அவரவர் வாயால் ரஷ்யனைப் போட்டு உடைப்போம்.

இந்த இழையில் ஒரு சொல் இடிக்கிறது. 'ரஷ்யப் படம்' என்கிறீர்கள். 'கொக்குகள்' எடுத்த கலதோசவ் திபிலீசியில் பிறந்த ஜார்ஜியர். தனேலியாவும் ஜார்ஜியர். இப்போது பேச்சு வந்த தரிவெர்தீயெவ் திபிலீசியில் பிறந்த ஆர்மீனியர். 'ஒரு சிப்பாயின் கதைப்பாட்டு' (1959) எடுத்த சுஹ்ராய் உக்ரைனின் மெலிதோபலில் பிறந்தவர். பரஜானவ் உக்ரைனில் எடுத்த 'மறந்த முன்னோரின் நிழல்கள்' படத்தில் மனிதர்கள் கதைப்பது உக்ரைனிய மொழி, அதுவும் மலைவாழ் ஹுத்ஸூல் மக்களின் வழக்கு. சோவியத் படம் என்று சொல்லுங்கள் பிள்ளைகளே. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் மற்றவர்களின் பங்கு காணாமல் போகும். எங்களுக்கு இந்த வலி கொஞ்சம் கூடுதலாக விளங்கும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்வது, ரஷ்யனைப் பிழையாகக் கதைக்கிறவர்கள் வரும் படங்களைப் பாருங்கள். சுத்தமான உச்சரிப்பையே கேட்டுக்கொண்டிருந்தால் வாய் திறக்கக் கூச்சம் வரும்.

தனேலியாவின் 'மிமினோ' (1977). ஜார்ஜிய ஹெலிகொப்டர் விமானி ஒருவரும் ஆர்மீனிய லொறிச் சாரதி ஒருவரும் மாஸ்கோ ஹோட்டலில் ஒரே அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ரஷ்யன், இரண்டு பேரும் அதைத் தங்கள் மலையின் சந்தத்தில் கதைக்கிறார்கள். பிறகு விமானி வெளிநாட்டிலிருந்து தன் ஊர்ப்பக்கம் தெலாவிக்குத் தொலைபேசி இணைப்புக் கேட்பார். அவர்கள் டெல் அவிவுக்குப் போட்டுக்கொடுப்பார்கள். மறுமுனையில் எடுப்பவரும் ஜார்ஜியாவை விட்டுப் போன ஒருவர். போனை வைக்க மனமில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். புலம்பெயர்ந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைச் சும்மா பார்க்க முடியாது.

'தெர்ஸு உஸாலா' (1975), ஜப்பானிய இயக்குநர் குரோசவா சைபீரியாவின் கிழக்குக் கோடிக்குப் போய் ரஷ்யனில் எடுத்த படம். காட்டு வேட்டைக்காரர் தெர்ஸு 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'என்னுடைய' என்கிறார், 'யா'வுக்குப் பதில் 'மயா'. வினைச்சொல்லை வளைக்கவே மாட்டார். நெருப்பும் தண்ணீரும் சூரியனும் அவருக்கு 'லூதி', அதாவது ஆட்கள். இலக்கணம் ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்தப் படத்தில் மிகத் தெளிவாகக் கதைக்கிற மனிதர் அவர்தான். நடித்த மக்சீம் முன்சூக் துவா தேசத்தவர்.

மட்டுறுத்துநர்:

மூன்று பேர் டோரன்ட் இணைப்பு போட்டிருந்தீர்கள், நீக்கிவிட்டேன். மொஸ்ஃபில்ம் ஸ்டுடியோவே தன் பழைய படங்களை யூடியூப் சேனலில் முழுசாக ஏற்றி வைத்திருக்கிறது, பலவற்றில் சப்டைட்டிலும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

தெருக்கோடி:

இந்த நேரத்தில் ரஷ்யாவைக் கொண்டாட இவ்வளவு பேரா? உக்ரைனில் என்ன நடக்கிறது என்று தெரியாதா?

பனையோலை:

தெரியும் தம்பி. குண்டு விழுகிற ஊரில் இருந்து வந்தவன் நான், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே யாரும் அரசைக் கொண்டாடவில்லை. நேரம் கிடைத்தால் லியனீத் பீகவின் 'போருக்குப் போவது கிழவர்கள் மட்டுமே' (1973) பாருங்கள். கீவில் தவ்ஷென்கோ ஸ்டுடியோ எடுத்த படம். விமானிகள் ரஷ்யனில் கதைப்பார்கள், உக்ரைனியப் பாட்டுப் பாடுவார்கள், இரண்டும் ஒரே படைப்பிரிவில். அதை இன்றைக்குப் பார்க்கிறபோது தொண்டை அடைக்கும்.

கண்ணம்மா_அம்மா:

போர்ப் படப் பட்டியலில் 'வந்து பார்' (1985) பெயரை யாராவது போடுவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலெம் கிலீமவின் அந்தப் படத்தை மொழிக்காகப் பார்க்க வேண்டாம். பெலாரூஸ் கிராமங்களை நாஜிகள் எரித்ததைக் காட்டும் படம். ஒரு சொல்கூடக் காதில் தங்காது, அந்தப் பையனின் முகம்தான் நாள்கணக்கில் தங்கும்.

நான் மகளோடு சேர்ந்து படிக்கிறேன். எங்களுக்குக் கார்ட்டூன்தான் பள்ளிக்கூடம். 'நூ, பகதி!' (இருடா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று ஓநாய் முயலை மிரட்டுவது) 1969இல் தொடங்கியது. பேச்சே கிடையாது என்று சொல்லலாம், தலைப்பு வசனம் ஒன்றை வைத்துக்கொண்டே ஓட்டிவிடுவார்கள். இப்போது எங்கள் வீட்டில் சண்டை வந்தால் மகள் அதைத்தான் சொல்கிறாள். 'முதலை கேனாவும் செபுராஷ்காவும்' அடுத்த படி. நிதானமான பேச்சு, சின்னச் சின்ன வாக்கியம். மூர்மார்க்கெட் ஐயா சொன்ன முள்ளெலி அதற்கும் மேலே. முள்ளெலி கரடிக்குட்டியைப் பார்க்கக் கிளம்புகிறது, கையில் ராஸ்பெரி ஜாம் பொட்டலம். பனிமூட்டத்துக்குள் வெள்ளைக்குதிரை தெரிகிறது, ஆந்தை பின்னாலேயே வருகிறது. பேசுவது கொஞ்சம், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி.

எங்களை ஓடவிட்டது ரஷ்ய 'வின்னி பூஹ்' (1969). கரடிக்குக் குரல் கொடுத்த யெவ்கேனி லியோனவ் பேசியதைப் பதிவு செய்து வேகத்தைக் கூட்டி ஓட்டியிருக்கிறார்கள். பொடிக் கரடிக்குக் கனத்த குரல் ஒட்டாது என்று அப்படிச் செய்தார்களாம். விளைவு, கடகடவென்று போகிறது. யூடியூபில் வேகத்தைக் குறைத்து வைத்தால் லியோனவின் சொந்தக் குரல் எட்டிப் பார்க்கிறது, மகளுக்கு ஒரே சிரிப்பு.

கேஸட்காலம்:

சப்டைட்டில் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

ஆங்கில சப்டைட்டில் போட்டால் கண் அதை வாசிக்கும், காது தூங்கிவிடும். முதல் தடவை கதைக்காக அப்படிப் பாருங்கள், பரவாயில்லை. அடுத்த முறை பிடித்த காட்சி ஒன்றை மட்டும் எடுத்து ரஷ்ய எழுத்தோடு பாருங்கள். யூடியூப் தானாகப் போடும் ரஷ்ய எழுத்தை நம்பாதீர்கள், பெயர்களைக் கண்டபடி எழுதும். புகழ்பெற்ற படங்களின் வசனம் முழுவதும் ரஷ்யத் தளங்களில் எழுத்தாகவே கிடைக்கிறது. ஒரு காட்சியை அச்சடித்து, கேட்டு, நிறுத்தி, நடிகரோடு சேர்ந்து சொல்லுங்கள். அழுத்தம் விழாத 'ஓ' எல்லாம் 'ஆ' மாதிரி ஒலிப்பதை இப்படித்தான் வாய் கற்றுக்கொள்ளும். 'மொலொகோ' என்று எழுதியிருக்கும் பால், வாயில் 'மலகோ'.

இயக்குநர் கைதாயின் நகைச்சுவைப் படங்களை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். 'வைரக் கை' (1969) தாராளமாகப் பாருங்கள். 'இவான் வசீலியெவிச் தொழில் மாற்றுகிறார்' (1973) கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கால யந்திரம் கோளாறாகி ஜார் மன்னர் இவான் மாஸ்கோ அடுக்குமாடி வீட்டுக்குள் வந்துவிடுகிறார், பேசுவது பழைய ரஷ்யன். நம் பிள்ளைகளுக்கு முதல் தமிழ்ப் படமாக வீரபாண்டிய கட்டபொம்மனைப் போட்டுக் காட்டியதற்குச் சமம். அலெக்ஸேய் கெர்மன் படங்கள் பக்கமே இப்போது போகாதீர்கள். 'என் நண்பன் இவான் லாப்ஷின்' படத்தில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள், முக்கியமான வசனத்தின் மேல் யாராவது பாத்திரம் உருட்டுவார்கள். அவர் வேண்டுமென்றே அப்படி அமைத்தது. ரஷ்யர்களே சப்டைட்டில் தேடுவார்கள்.

நிதானம் வேண்டுமானால் 'வசந்தத்தின் பதினேழு கணங்கள்' (1973). பன்னிரண்டு பகுதித் தொலைக்காட்சித் தொடர், பெர்லினில் சோவியத் உளவாளி. ஒற்றன் என்பதால் ஸ்டிர்லிட்ஸ் அளந்துதான் பேசுவான். அவன் பேசாதபோது யெஃபீம் கப்பெல்யான் பின்னணியில் கதை சொல்வார். செய்தி வாசிப்பவர்கள் பொறாமைப்படும் குரல். அவனுடைய மனைவியைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு சிற்றுண்டிக் கடைக்கு அழைத்து வருவார்கள். இருவரும் நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு சொல் கிடையாது. இசை மறுபடியும் தரிவெர்தீயெவ்தான்.

மூர்மார்க்கெட்:

நீ, நீங்கள் சிக்கலை யாரும் தொடவில்லையே. ரியாசானவின் 'அலுவலகக் காதல்' (1977) பாருங்கள். புள்ளிவிவர அலுவலகம், கடுகடுப்பான பெண் இயக்குநர், கூச்சப்படும் ஊழியர். பேரும் தகப்பன் பேரும் சேர்த்து 'லுத்மிலா ப்ரகோஃபியெவ்னா' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பவர் எந்த இடத்தில் 'நீ'க்கு இறங்குகிறார், எந்த இடத்தில் பதறிப்போய் 'நீங்கள்' என்று திரும்ப ஏறுகிறார் என்று கவனித்தால் போதும். நமக்கு இது உடனே புரியும். இங்கிலீஷ்காரனுக்குத்தான் கஷ்டம்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பனையோலை அண்ணன் சொன்ன வழியில் போய் தனேலியாவின் 'இலையுதிர்கால மாரத்தான்' (1979) பிடித்தேன். யாரும் சொல்லவில்லையே இதை! லெனின்கிராதில் ஒரு மொழிபெயர்ப்பாளர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர். மனைவிக்கு ஒரு பொய், காதலிக்கு ஒரு பொய், தன் வேலையை விட்டுவிட்டு மற்றவர்கள் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் டென்மார்க்கிலிருந்து வந்த பேராசிரியர் ஹான்சன் ஓடுவதற்குக் கூப்பிட வந்துவிடுகிறார். "வீ கதோவ்?" என்று கேட்கிறார். 'கதோவி' என்று பன்மையில் வர வேண்டும். நம் ஊரில் "நீங்கள் தயாரா இருக்கிறாயா" என்று கேட்டதுபோல. சத்தம் போட்டுச் சிரித்தேன், பிறகுதான் உறைத்தது, ரஷ்ய நகைச்சுவைக்கு சப்டைட்டில் பார்க்காமலே சிரித்திருக்கிறேன்.

நடித்தவர் நிஜ டென்மார்க்காரரா?

கேஸட்காலம்:

இல்லை. நோர்பெர்ட் குஹின்கே, மாஸ்கோவில் வேலை பார்த்த மேற்கு ஜெர்மனிப் பத்திரிகையாளர். நடிகரே இல்லை. அந்தத் தடுமாற்றத்தில் பாதி சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குடிகாரராக வருபவர்தான் வின்னி பூஹ் குரல் லியோனவ். அவரோடு காளான் பறிக்கப் போய்ப் பேராசிரியர் எங்கே போய்ச் சேர்கிறார் என்று பார்த்தீர்களா?

ஈரோட்டுக்காரி:

போதை தெளிய வைக்கும் நிலையத்தில்! பாவம்.

அடுத்து என்ன பார்க்கலாம்? இலக்கணம் குறைவாக, தலைவலி இல்லாததாக ஒன்று சொல்லுங்கள்.

வோல்கா_டாக்டர்:

'கின் ஸா ஸா' (1986), அதுவும் தனேலியாதான். மாஸ்கோ மேஸ்திரி ஒருவரும் வயலின் பெட்டியோடு ஒரு ஜார்ஜிய மாணவனும் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி வேற்றுக் கிரகத்துப் பாலைவனத்தில் போய் விழுகிறார்கள். லியோனவும், ஜெல்லியில் உறையவைத்த மீனைத் திட்டிய யாகவ்லெவும் அங்கே வாழும் பிறவிகளாக வருகிறார்கள். அந்தக் கிரகத்து மொழியில் கிட்டத்தட்ட எல்லாச் சொல்லுக்கும் 'கூ' என்றுதான் பெயர். திட்டுவதற்கு மட்டும் 'க்யூ'.

பிலிம்சுருள்:

வேற்றுமை உருபு எத்தனை?

வோல்கா_டாக்டர்:

கூ.